வெல்ஷ் கொயரில் அப்பா

மென்தால் மிட்டாயின் நெடியும், பனியில் நனைந்த கம்பளிக் கோட்டுகளின் ஈர வாடையும், மத்தியானமே போட்டுச் சூட்டில் வைத்திருந்த காபியின் கருகலும் ஒன்றாகக் கலந்து, அந்தச் சர்ச்சின் கீழ்த்தளத்துக்கு இறங்கும் படிகளிலேயே முகத்தில் வந்து மோதும். கூடவே, வயதானவர்கள் தொண்டையைச் சரிசெய்துகொள்ளும் கனைப்பொலி. நியூஜெர்சியில் நான் வளர்ந்த வருடங்களை நினைத்தால் முதலில் நினைவுக்கு வருவது பள்ளிக்கூடமோ ஐசலினின் இந்தியக் கடைத்தெருவோ அல்ல. செவ்வாய்க்கிழமை சாயங்காலங்களில் அப்பாவின் பின்னால் நான் இறங்கிப் போன அந்தக் கீழ்த்தளம்தான்.

நாங்கள் நாமக்கல் பக்கத்துக் குடும்பம். எனக்கு எட்டு வயதானபோது அப்பாவின் கம்ப்யூட்டர் வேலை எங்களை மான்மவுத் ஜங்ஷனுக்குக் கொண்டுவந்து சேர்த்தது. அம்மாவுக்கு ஆஸ்பத்திரி லேபில் மாலை ஷிஃப்ட். என்னைத் தனியாக வீட்டில் விட முடியாது என்பதால் அப்பா என்னையும் "கொயர் ப்ராக்டிஸ்"க்கு, அதாவது ஆண்கள் சேர்ந்து பாடும் ஒரு குழுவின் ஒத்திகைக்கு, அழைத்துப் போவார். நான் பின்னால் ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து ஹோம்வொர்க் எழுதுவேன். முன்னால் அப்பா, நரைத்த தலை வெள்ளைக்காரர்களுக்கு நடுவே ஒரே கறுத்த தலையாக நின்று, அவருக்கும் அவருடைய முன்னோருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாத வெல்ஷ் மொழியில் பாடிக்கொண்டிருப்பார்.

அவர் அங்கே போய்ச் சேர்ந்தது ஒரு டெலிபோன் பேச்சால். ஆபீசில் பக்கத்துத் தடுப்பில் இருந்த ரிக் என்பவர் அந்தக் கொயரின் செக்ரட்டரி. ஊரிலிருந்து வந்த போனில் அப்பா சத்தமாகப் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு எழுந்து வந்து, "உன் குரல் தரைக்கு அடியிலிருந்து வருகிறது, உனக்குப் பாட வருமா?" என்று கேட்டாராம். அப்பாவின் குரல் அப்படித்தான். "தண்ணியில்லாத கெணத்துக்குள்ள இருந்து கூப்புடற மாதிரி கூப்புடாதீங்க" என்று அம்மா சொல்வாள். யாரும் இதுவரை நல்லதாக ஒரு வார்த்தை சொல்லியிராத அந்தக் குரலை ஒருவர் தேடி வந்து கேட்டதில் அப்பா உருகிப் போனார். பழனிசாமி என்ற பெயர் அந்தக் கீழ்த்தளத்தில் "சாம்" ஆயிற்று. நான்கு வரிசைக் குரல்களில் ஆகக் கீழே ஒலிக்கிற "பேஸ்" வரிசையில் அவரை நிறுத்தினார்கள்.

கொயரை நடத்தியவர் பெயர் க்ளின். ஹைஸ்கூலில் சங்கீத வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒடிசலான சின்ன உருவம், வெள்ளைப் புதர்போல் புருவம். வேல்ஸ் நாட்டில் ஒரு நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தவர். கண் பார்வை குறைந்து அவர் கார் ஓட்டுவதை நிறுத்திய பிறகு, அப்பாதான் செவ்வாய் தவறாமல் அவரை வீட்டிலிருந்து கூட்டி வந்து, ப்ராக்டிஸ் முடிந்ததும் முழங்கையைப் பிடித்து வாசற்படி ஏற்றி விட்டுவருவார். அந்தக் கார் பயணங்களில், பின்சீட்டிலிருந்து நான் கேட்டதுதான் அந்தக் கொயரின் சரித்திரம்.

செங்கல் சூளைகளிலும் ரப்பர் தொழிற்சாலைகளிலும் வேலை செய்ய வந்த வெல்ஷ் ஆண்கள் ஆரம்பித்த குழு அது. முதலில் அவர்கள் பாடியது சாவு வீடுகளில் மட்டும். சூளையிலிருந்து நேரே, கைகால்களில் செம்புழுதியோடு வந்து நின்று பாடிவிட்டு ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் போவார்களாம். அப்புறம் ஊர் விழாக்கள், மாநிலத் தலைநகரில் கவர்னர் முன்னால் கச்சேரி, ரயில் ஏறிப் பென்சில்வேனியா போய் அங்கிருந்த வெல்ஷ் குழுக்களையெல்லாம் தோற்கடித்துக் கொண்டுவந்த வெள்ளிக் கோப்பை. கீழ்த்தளச் சுவர் முழுக்கக் குழுவின் போட்டோக்கள் வரிசையாக மாட்டியிருக்கும். போர் நடந்த வருடங்களின் போட்டோக்களில், சண்டையில் செத்த ஆட்கள் முன்பு நின்ற இடங்களில் இடைவெளி விட்டு நின்றிருப்பார்கள். செத்தவன் இடத்தை மூடி நிற்கக்கூடாது என்பது அவர்கள் வழக்கமாம்.

கேட்க அழகாக இருக்கும் இந்தச் சரித்திரத்தின் ஊடே இன்னொன்றும் ஓடியது. குழுவை முதன்முதலாக நடத்தியவர், கச்சேரி நடுவே இருமிய தன் கூடப்பிறந்த தம்பியை அந்த மேடையிலேயே பெயர் சொல்லி வெளியே போகச் சொன்னவர். தம்பி அதற்குப் பிறகு சாகும்வரை அண்ணன் வீட்டுப் பக்கம் வரவில்லை. இதை க்ளின் பெருமையாகத்தான் சொல்வார். இன்னொரு நாள், வேல்ஸில் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். சுரங்கத்தில் நிலக்கரித் தூசி நுரையீரலில் ஏறி, அவர் மூச்சு விடும்போது விசில் அடிப்பதுபோல் ஒரு சத்தம் வருமாம். இளவயதிலிருந்து பாடி வந்த குழு, அந்தச் சத்தம் பாட்டைக் கெடுக்கிறது என்று அவரை நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு ப்ராக்டிஸ் நடக்கும் மண்டபத்தின் வெளிச்சுவரில் சாய்ந்து நின்று கேட்டுவிட்டு வருவாராம்.

"பாவம்," என்றார் அப்பா.

"பாவம் என்ன? சரியாகத்தான் செய்தார்கள்," என்றார் க்ளின். "சத்தம் வந்ததே."

அப்பா சேர்ந்தபோது குழு தேய்ந்துகொண்டிருந்தது. வருடத்துக்கு ஒன்றிரண்டு பேர் செத்துப்போனார்கள், அல்லது ஃப்ளோரிடாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். அப்பா அதற்குள் புகுந்து உயிர் கொடுத்தார் என்றால் மிகையில்லை. நாற்காலி போடுவது, மைக் பார்ப்பது, கார் ஓட்ட முடியாதவர்களைக் கூட்டி வருவது எல்லாம் அவர்தான். அம்மா சலித்துக்கொண்டே சுட்டுக் கொடுத்த முறுக்கை டப்பா டப்பாவாகக் கொண்டுபோவார். பற்கள் சரியில்லாத அந்தக் கிழவர்கள் அதைக் காபியில் ஊறவைத்துச் சாப்பிடுவார்கள். முதல் வரிசையில் நின்ற வால்ட் என்ற மெல்லிய குரல் தாத்தா, பதினெட்டு வயதிலிருந்து அந்தக் குழுவில் இருப்பவர், போகும்போதெல்லாம் இரண்டு முறுக்கைக் காகிதக் கைக்குட்டையில் சுற்றிக் கோட்டுப் பையில் போட்டுக்கொள்வார். புதிதாகச் சிலர் சேர்ந்தார்கள். நான் ஆறாவது படித்த வருடம், வேல்ஸில் நடக்கும் பெரிய போட்டிக்கு வரச்சொல்லி அழைப்பு வந்தது. குழுவின் சரித்திரத்தில் முதல்முறை.

அந்த அழைப்பு வந்ததிலிருந்து க்ளின் வேறு ஆளாகிவிட்டார். சொந்த மண்ணில், தன் ஆட்கள் காது கொடுத்துக் கேட்கப் போகிறார்கள் என்ற எண்ணம் அவரை விறைக்க வைத்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, பாட்டைப் பாதியில் நிறுத்தி, பேஸ் வரிசையை மட்டும் பாடச் சொன்னார். பிறகு ஒவ்வொருவராக. அப்பாவிடம் வந்ததும் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாட வைத்தார். வெல்ஷில் ஓர் ஒலி உண்டு. எங்கள் ழகரம் மாதிரி அவர்களுக்கு அது. நாக்கு நுனியை மேலே ஒட்டிவைத்து, காற்றைப் பக்கவாட்டில் கசியவிட வேண்டும். அப்பாவுக்கு அது டயரில் காற்றுப் போகிற சத்தமாகத்தான் வந்தது. இரண்டாவது தடவை பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். க்ளின் சிரிக்கவில்லை.

"சாம், சுருதியில் உன்மேல் குறையில்லை," என்றார். "ஆனால் உன் குரல் பெரியது. மற்றவர்கள் சரியாகச் சொல்வதையெல்லாம் நீ ஒருவன் மூடிவிடுகிறாய். வேல்ஸில் குழந்தைகூட இதைக் கேட்டுச் சிரிக்கும்."

"ப்ராக்டிஸ் பண்றேன், க்ளின்."

"நேரமில்லை. ஆனால் ஆள் குறைந்தால் போட்டியில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். அதனால் நீ வர வேண்டும். எங்களோடு நில், வாயைத் திற. சத்தம் மட்டும் வேண்டாம்."

அந்தக் கூடத்தில் அத்தனை பேர் இருந்தார்கள். ரிக் தன் ஷூ நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா புன்னகைத்தார். "ஷுர், ஷுர்," என்றார், ஆபீசில் மேனேஜர் ஏதாவது சொன்னால் சொல்வதுபோல.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. க்ளின் அதையும் ஒத்திகை பார்த்தார். மற்றவர்கள் பாட, அப்பா வாயசைக்க, "இன்னும் அகலமாகத் திற, சாம். பார்க்கிறவர்கள் நம்ப வேண்டும்," என்றார். பக்கத்தில் நின்றவர்களிடம், "அவனிடமிருந்து சத்தம் வந்தால் கையைத் தூக்குங்கள்," என்றார். ஒருமுறை யாரோ கையைத் தூக்கினார்கள். அப்பா "சாரி" சொன்னார்.

திரும்பி வரும்போது காரில் க்ளின் குளிர்கிறது என்றார். அப்பா ஹீட்டரைக் கூட்டி வைத்தார். அவரை வாசற்படி ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்த பிறகு, கண்ணாடியில் என்னைப் பார்த்து, "கண்ணு, இதையெல்லாம் அம்மாகிட்டச் சொல்ல வேண்டாம். சரியா?" என்றார். நான் "ஓகே" என்றேன்.

அப்பா லீவு போட்டுக்கொண்டு, சொந்தச் செலவில் வேல்ஸ் போனார். அவர்கள் ஜெயித்தார்கள். முதல் பரிசு. பிறகு வந்த வீடியோவை நாங்கள் ஹால் டிவியில் போட்டுப் பார்த்தோம். காமிரா திரும்பத் திரும்ப அப்பாவிடமே வந்து நின்றது. கறுப்புக் கோட்டும் சிவப்பு டையுமாக, புருவத்தை உயர்த்தி, கண் கலங்க, அந்தக் குழுவிலேயே அவர் முகம்தான் அதிகமாகப் பாடியது. கச்சேரி முடிந்து ஒரு வெல்ஷ் அம்மாள் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களைப் பார்த்துக்கொண்டே அழுதேன்," என்றாளாம். அப்பா அதைச் சொன்னபோது நான் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன்.

அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "கெழவனுங்க கச்சேரி" என்று இத்தனை நாள் இளக்காரமாகச் சொன்னவள், கோப்பையைச் சுற்றி எல்லாரும் நிற்க, நடுவில் அப்பா சிரிக்கிற பேப்பர் போட்டோவைப் பர்சில் வைத்துக்கொண்டு, ஐசலினில் புடவைக்கடையிலும் மளிகைக்கடையிலும் பார்த்த ஆன்ட்டிகளிடமெல்லாம் காட்டினாள். "வெள்ளக்காரனுங்க ஊருக்கே போயி, அவங்க பாஷையிலயே பாடிக் கப்பு வாங்கிட்டு வந்துட்டாருங்க," என்பாள். அதன் பலனாக அந்த வருடப் பொங்கல் விழாவில் அப்பாவுக்குப் பொன்னாடை போர்த்துவது என்று முடிவாயிற்று.

ஒரு பள்ளிக்கூட ஆடிட்டோரியத்தில் சனிக்கிழமை மத்தியானம் விழா. குழந்தைகளின் ஆட்டம் ஒன்று முடிந்து, வெளியே சாப்பாட்டு வரிசை தொடங்கும் நேரம். பொன்னாடை போர்த்தி, மைக்கை அப்பாவின் கையில் கொடுத்து, நிகழ்ச்சியை நடத்திய அங்கிள், "அந்தக் கப் வாங்கின பாட்டை நமக்காக ஒரு தடவை சார் பாடணும்," என்றார். கூட்டம் கைதட்டியது. முன்வரிசையில் அம்மா காமிராவை உயர்த்தி வீடியோ எடுக்கத் தயாரானாள்.

அப்பா மறுத்திருக்கலாம். தொண்டை சரியில்லை என்றிருக்கலாம். வேல்ஸில் பாடாமல் வந்த பாட்டை ஓர் இடத்திலாவது பாடிவிட வேண்டும் என்று அவருக்கு இருந்திருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார்.

பேஸ் வரிசையின் பாட்டு தனியாகக் கேட்டால் பாட்டாகவே இருக்காது என்பது அந்த ஆடிட்டோரியத்தில் யாருக்கும் தெரியாது. ராகம் மேல் வரிசைகளிடம் இருக்கும். அடியில் ஒரே சுரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் பேஸின் வேலை. அப்பா அந்த ஒற்றைச் சுரத்தை இழுத்தார். நடுவே மற்றவர்கள் பாட வேண்டிய இடம் வந்ததும், மிகுந்த நேர்மையோடு வாயை மூடிக்கொண்டு, தொடையில் விரலால் தட்டி எண்ணியபடி மௌனமாக நின்றார். அந்த மௌனத்தில் பின்னாலிருந்து பையன்கள் சிரித்தார்கள். அவர் மறுபடி அதே சுரத்தில் தொடங்கியதும் ஒருவன் அப்படியே அடிக்குரலில் "ஊம்ம்ம்" என்றான். பெரியவர்களும் சிரித்துவிட்டார்கள். அடுத்த மௌனத்தில் மேடை அங்கிள், "சார், மைக் வேலை செய்யுதுங்களா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு ஆடிட்டோரியமே கொல்லென்று சிரித்தது. "அருமை, அருமை, சாருக்கு ஒரு பெரிய கைதட்டல்," என்று அவர் மைக்கை வாங்கிக்கொண்டார். உடனே ஒரு சினிமாப் பாட்டு போட்டார்கள். அப்பா பொன்னாடையோடு படியிறங்கி வந்தார். அதே புன்னகை.

நாங்கள் சாப்பிடாமல் கிளம்பினோம். கார் ரூட் ஒன் நெடுஞ்சாலையில் ஏறியதும் அம்மா ஆரம்பித்தாள்.

"ஏனுங்க, இதையா பாடிக் கப்பு வாங்குனீங்க? எருமை கத்துனாக்கூட ஏறி எறங்கிக் கத்துமே. நான் அத்தன பேருகிட்டச் சொல்லி வெச்சிருந்தேன். எனக்கு மூஞ்சிய எங்க வெச்சுக்கறதுன்னு தெரியல."

"அங்க நான் பாடலீங்க," என்றார் அப்பா. அம்மாவுக்கு அவர் "ங்க" போடுவது கோபம் வந்தால் மட்டும்தான்.

"என்னது?"

"பாட வேண்டாம்னு சொல்லிட்டாங்க. வாயைத் தெறந்துட்டு நின்னேன்."

அம்மா அவரையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியாத, மூச்சு வாங்குகிற சிரிப்பு. "அவ்வளவு தூரம் ஏரோப்ளேன்ல போயி... வாயை மட்டும் தெறந்துட்டு வந்தீங்களா?" சிரித்துக்கொண்டிருந்தபோதே அது அழுகையாகியது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அப்பா இண்டிகேட்டர் போட்டு எங்கள் எக்ஸிட்டில் இறங்கினார்.

அம்மா முறுக்குச் சுடுவதை நிறுத்தினாள். "இனிமே அந்தப் பக்கம் போகாதீங்க," என்றாள். அவருடைய குரலைப் பற்றிய கேலி மட்டும் அதிகமாயிற்று. போனில் பேசும்போது அப்பா குரலைத் தூக்கினால், "சத்தம் வேண்டாம், வாயை மட்டும் தெறங்க," என்பாள். வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் முன்னாலேயே சொன்னாள். அப்பா அதற்கும் புன்னகைப்பார்.

ஆனால் செவ்வாய்க்கிழமை போவதை அவர் நிறுத்தவில்லை. க்ளினைக் கூட்டி வருவதையும் நிறுத்தவில்லை. வேல்ஸில் ஜெயித்த அந்தப் பாட்டை எப்போது எடுத்தாலும் பேஸ் வரிசையில் அவர் வாயை மட்டும் திறந்து நிற்பது வழக்கமாகிவிட்டது. யாரும் அதை மாற்றச் சொல்லவில்லை. எனக்கு ஆத்திரமாக வரும். நான் பெரியவளாகிக்கொண்டிருந்தேன், அப்பாவுக்கு ரோஷமே இல்லையோ என்று நினைத்தேன். ஒரே ஒரு விஷயம்தான் என்னை யோசிக்க வைத்தது. காரில் நாங்கள் இருவர் மட்டும் இருக்கும் நேரங்களில், காதில் பாட்டு கேட்டபடி நான் தூங்குகிறேன் என்று நினைத்து, நாக்கை மேலே ஒட்டிக் காற்றைக் கசியவிட்டுப் பழகிக்கொண்டிருந்தார். சிக்னலுக்குச் சிக்னல் அந்த ஒலி. மாதங்கள் போகப் போக அது டயர் சத்தமாக இல்லாமல், அவர்களுடைய ஒலியாகவே ஆயிற்று.

இரண்டு வருடத்தில் பேஸ் வரிசை கரைந்தது. ரிக் மாரடைப்பில் போனார். ஒருவருக்குப் பக்கவாதம். கடைசியில் அப்பாவும், காது மந்தமான இரண்டு கிழவர்களும் மிஞ்சினார்கள். குழுவின் ஆண்டு விழாக் கச்சேரி வந்தது. அதுதான் தன் கடைசிக் கச்சேரி என்று க்ளின் சொல்லியிருந்தார். வேல்ஸிலிருந்து அவர் மகள் குடும்பத்தோடு வருகிறாள். பாட வேண்டியது ஜெயித்த அதே பாட்டு. அதன் நடுவில் ஓர் இடம் உண்டு. எல்லாரும் நிற்க, பேஸ் வரிசை மட்டும் தனியாகத் தொடங்க வேண்டும். மற்ற குரல்கள் அதன்மேல் ஏறும்.

"சாம்," என்றார் க்ளின் காரில். "இப்போது நீ பாட வேண்டும். முழுக் குரலில். மற்ற இருவரையும் உன்னைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறேன்."

"ஷுர், ஷுர்."

அடுத்த ப்ராக்டிஸில் அப்பா பாடினார். எனக்கு அன்று பதினைந்து வயது. நான் உட்கார்ந்திருந்த இரும்பு நாற்காலி என் முதுகில் அதிர்ந்தது. ஒலி ஒவ்வொன்றும் பிசகாமல் விழுந்தது. க்ளின் கையை இறக்கிவிட்டு, "இத்தனை நாள் இது எங்கே இருந்தது?" என்று கேட்டார். வால்ட் தாத்தா வந்து அப்பாவைக் கட்டிக்கொண்டார்.

கச்சேரி ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மேலே சர்ச்சிலேயே. நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றார்கள். அம்மா வரவில்லை. அந்தப் பாட்டு நன்றாகத்தான் தொடங்கியது. அந்த இடம் வந்தது. எல்லாரும் நிறுத்தினார்கள். க்ளின் அப்பாவைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

அப்பா வாயைத் திறந்தார். அகலமாக, பார்க்கிறவர்கள் நம்பும்படி. சத்தம் வரவில்லை.

பக்கத்துக் கிழவர்கள் இருவரும் ஆளுக்கொரு சுருதியில் தடுமாறித் தொடங்கி, நின்றுபோனார்கள். க்ளின் மறுபடி கையைக் காட்டினார். அப்பாவின் வாய் திறந்தே இருந்தது. இன்னும் ஒரு தடவை. பாட்டைக் காப்பாற்றிவிடலாம் என்று வால்ட் தாத்தா தன் மெல்லிய குரலில் அந்தப் பேஸ் வரியை எடுத்தார்; பாதியில் குரல் கிறீச்சிட்டு உடைந்தது. எங்கோ ஒரு குழந்தை சிரித்தது. க்ளின் இரண்டு கைகளையும் மெல்ல இறக்கினார். கூட்டத்தின் பக்கம் திரும்பி, "மன்னியுங்கள்," என்றார். தன் மகள் உட்கார்ந்திருந்த இடத்தை அவர் தவிர்த்துவிட்டுப் பார்த்தது எனக்குத் தெரிந்தது. எனக்குள் ஏதோ எழுந்து நின்று கைதட்டியது.

வால்ட் உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து, "நான் கெடுத்துவிட்டேன், நான் கெடுத்துவிட்டேன்," என்று அழுதுகொண்டிருந்தார். யாரும் அப்பாவிடம் பேசவில்லை. தன் மகளுடைய காரில் ஏறாமல், என்ன நினைத்தோ, க்ளின் வழக்கம்போல எங்கள் காரில் ஏறினார். பாதி வழியில் கேட்டார்.

"எவ்வளவு நாளாக இதற்காகக் காத்திருந்தாய், சாம்?"

அப்பா கண்ணாடியைப் பார்த்தார். "சீட் பெல்ட் போடல நீங்க," என்றார் ஆங்கிலத்தில். குரலில் கோபமோ வருத்தமோ இல்லை. க்ளின் பெல்ட்டைத் தடவித் தேடிப் போட்டுக்கொண்டார். வீட்டு வாசலில் அப்பா முழங்கையைப் பிடிக்கப் போனபோது கையை இழுத்துக்கொண்டு, கம்பியைத் துழாவித் தானாகவே படி ஏறினார். அதற்குப் பிறகு அவர் கையைத் தூக்கி ஒரு பாட்டும் நடத்தவில்லை. குளிர்காலம் முடிவதற்குள் குழு கலைந்தது. மகள் அவரை வேல்ஸுக்குக் கூட்டிப் போய்விட்டாள். அங்கேயே இறந்தார் என்று கேள்வி.

அம்மாவிடம் நான்தான் போய்ச் சொன்னேன், ஒன்று விடாமல், ருசித்து. அவளும் ரசிப்பாள் என்று நினைத்தேன். அவள் கறி நறுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "அந்த வாத்தியாருக்குச் சரி. மத்த கெழவனுங்க என்ன பண்ணுனாங்க, பாவம்? முறுக்குத் திங்கற தாத்தாவை அழ வெச்சுட்டாரே," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்கப்பனுக்குள்ள இப்பிடி ஒண்ணு இருக்குன்னு எனக்குத் தெரியவே இல்ல, அம்மிணி," என்றாள். அன்றிலிருந்து அம்மா அவருடைய குரலைக் கேலி செய்ததில்லை. விருந்தாளிகள் முன்னால் அவரிடம் பார்த்துப் பேசினாள். அப்படியே இருந்து, ஆறு வருடத்துக்கு முன் போய்ச் சேர்ந்தாள்.

இப்போது அப்பா கலிஃபோர்னியாவில், டப்ளின் என்ற ஊரில், எங்களோடு இருக்கிறார். போன மாதம் என் மகன் பள்ளிக்கூடக் கொயரில் சேர்ந்துவிட்டு வந்து, "தாத்தா, டிட் யூ ரியலி சிங் இன் எ கொயர்?" என்று கேட்டான். நான் முந்திக்கொண்டு முழுக் கதையையும் சொன்னேன். எத்தனையோ பேரிடம் சொல்லிப் பழகிய கதை. ஆபீசில் யாராவது என்னை அவமானப்படுத்தினால் மனதுக்குள் சொல்லிக்கொள்கிற கதை. மகன் கண்ணை விரித்து, "தட்ஸ் சேவேஜ், தாத்தா!" என்றான். அவன் வயதுப் பிள்ளைகளிடம் அது பெரிய பாராட்டு.

அப்பா டீயை வைத்துவிட்டு, "அப்பிடியெல்லாம் இல்ல கண்ணு," என்றார். "எனக்குச் சத்தம் வரல."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"நெசமாத்தான். பாடோணும்னுதான் நின்னேன். ரெண்டு வருசம் பழகுனது அதுக்குத்தான். அவ்வளவு கூட்டத்தைப் பாத்ததும் அந்தப் பொங்கல் மேடை நெனப்பு வந்துருச்சு. வாயைத் தெறந்தேன், தொண்டை அடைச்சுக்கிச்சு. அவரு கையக் காட்டக் காட்ட இன்னும் அடைச்சுது."

"அப்ப கார்ல அவர் கேட்டாரே, ஏன்ப்பா சொல்லல?"

"பழி வாங்கிட்டேன்னு நெனச்சாரு. நெனச்சுட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். பயந்துட்டான்னு தெரியறதுக்கு அது தேவலைன்னு தோணுச்சு."

"அம்மாகிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

அப்பா டீயை மறுபடி கையில் எடுத்தார். "அவ அதுக்கப்புறம் என்னை மரியாதையா நடத்துனா," என்றார். மகன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். எந்த அளவுக்கு அவனுக்குப் புரிந்ததோ தெரியாது.

அந்தச் சர்ச்சின் கீழ்த்தளத்தில் இப்போது ஒரு டேகேர் நடக்கிறதாம். போட்டோக்களைக் கழற்றி, உறவினர் என்று வந்து கேட்டவர்களுக்குக் கொடுத்து, மீதியைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். வெள்ளிக் கோப்பை யாரிடம் இருக்கிறதென்று யாருக்கும் தெரியவில்லை. சூளைப் புழுதியோடு வந்து சாவு வீடுகளில் பாடியவர்களின் குழுவை, தன் மகள் கண் முன்னால் கைகளை இறக்கிய க்ளினை, தன்னால்தான் கெட்டது என்று அழுத வால்ட்டை, எல்லாரையும் அப்பா பயத்தில் வாயடைத்து நின்ற ஒரு நிமிடம் முடித்து வைத்தது. அதைப் பழிவாங்கல் என்றே நம்பிக்கொண்டு க்ளினும் அம்மாவும் போனார்கள். அன்று அந்த மேடையில் நின்றவர்களில் உயிரோடிருப்பவர் இப்போது அப்பா ஒருவர்தான். உண்மையைச் சொல்ல வேண்டியவர்கள் என்று அவருக்கு இனி யாரும் இல்லை.